களம் மாற்றச் சொன்ன குரல்: ‘பெஹ்ஸ்தி’ நாடகமும் பிரித்தானியக் கருத்துரிமை விவாதமும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் மாலை, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலுள்ள ரெபர்ட்டரி அரங்கத்தின் முன் ஏறத்தாழ நானூறு சீக்கியர் திரண்டனர். அமைதியாகத் தொடங்கிய எதிர்ப்பு, இரவு நெருங்க நெருங்க நிலைமாறிற்று. சன்னல் கண்ணாடிகள் உடைந்தன. காவலர் சிலர் காயமுற்றனர். அரங்கத்தின் பெருங்கூடத்தில் கிறித்துமஸ் காலத்துக் குழந்தைகள் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பெற்றனர். எதிர்ப்புக்கு உள்ளான நாடகமோ அதே கட்டடத்தின் சிறுமேடையில் நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 9இல் அரங்கேறிய அந்நாடகம் டிசம்பர் 20இல் நிறுத்தப்பெற்றது. நாடகத்தின் உள்ளடக்கம் தவறு என்று அரங்கம் கூறவில்லை. பார்வையாளர்தம் பாதுகாப்பை முன்னிட்டே நிறுத்துவதாகக் கூறிற்று. கொலைமிரட்டலுக்கு ஆளான ஆசிரியர் தலைமறைவாக வாழ நேர்ந்தது. நாடகத்தின் பெயர் ‘பெஹ்ஸ்தி’. ஆசிரியர் குர்பிரீத் கௌர் பட்டி, இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த சீக்கியப் பெண்.

இந்நிகழ்வைப் பற்றி எழுதப்பெற்றவற்றுள் பெரும்பாலானவை இருதரப்பு வழக்காகவே இதனைக் காண்கின்றன. ஒருபுறம் கலைஞனின் உரிமை. மறுபுறம் சமூகத்தின் மனப்புண். இரண்டையும் தராசிலிட்டு எது கனம் என்று பார்ப்பது இத்தகைய கட்டுரைகளின் வழக்கம். ஆனால் நாடகத்தைப் படித்தவர்க்கு அவ்வழக்கின் நடுவே கிடக்கும் ஒரு சிறு செய்தி உறுத்தாமற் போகாது. அரங்கேற்றத்துக்கு முன்னரே அரங்கத்தாருக்கும் சீக்கியச் சமூகப் பிரதிநிதிகளுக்கும் இடையே பேச்சு நடந்தது. அப்பேச்சில் பிரதிநிதிகள் முன்வைத்த தலையாய வேண்டுகோள் நாடகத்தைக் கைவிடுக என்பதன்று. கதை நிகழும் இடத்தைக் குருத்வாராவிலிருந்து ஒரு சமூகக்கூடத்துக்கு மாற்றுக என்பதே. அரங்கத்தார் இணங்கவில்லை, எதிர்ப்பாளர்தம் கருத்தைப் பார்வையாளருக்கு அறிவிக்க மட்டும் ஒப்பினர்.

களத்தை மாற்றுக என்னும் இவ்வேண்டுகோள் ஓர் இலக்கியக் கோரிக்கையாகும். அரசியலாரும் இதழாளரும் இதனை ஒரு சமரசத் திட்டமாக மட்டும் கருதிக் கடந்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று கற்று வந்த நாம் அவ்வாறு கடத்தல் இயலாது. இக்கட்டுரை அக்கோரிக்கையை அதற்குரிய இடத்தில் வைத்து நோக்க முற்படுகிறது.

பெயர்கள் மூன்று

பட்டியின் நாடகங்களுள் மூன்றின் பெயர்கள் ஒருசேர வைத்து எண்ணத்தக்கன. 2001இல் வந்தது ‘பெஹ்ஷரம்’, 2004இல் ‘பெஹ்ஸ்தி’, 2010இல் ‘பெஹுத்’. மூன்றும் பஞ்சாபிப் பேச்சுவழக்கின் சொற்கள். மூன்றிலும் ‘பே’ என்னும் பாரசீக எதிர்மறை முன்னொட்டு நிற்கிறது. நம் ‘இலி’ பின்னொட்டாக நின்று செய்யும் வேலையை அது முன்னின்று செய்கிறது எனலாம். ஷரம் நாணம், பேஷரம் நாணிலி. இஸ்ஸத் மானம், பேஇஸ்ஸதி என்பது பேச்சில் தேய்ந்து பேஸ்தி ஆகிறது, மானக்கேடு, அவமதிப்பு என்பது பொருள். ஹத் எல்லை, பேஹத் எல்லையற்றது. நாணமின்மை, மானமின்மை, எல்லையின்மை என்று ஓர் ஆசிரியரின் மூன்று படைப்புகள் இன்மையின் பெயரால் அமைந்திருப்பது தற்செயலன்று.

பேஸ்தி என்னும் சொல்லின் வழக்காறு பற்றிப் பஞ்சாபி பயிற்றுவிக்கும் நண்பரிடம் வினவினேன். “அந்தச் சொல்லுக்கு இலக்கணப்படி எழுவாய் யாராகவும் இருக்கலாம்; வீட்டில் அது எப்போதும் மகளைப் பார்த்தே சொல்லப்படும்” என்றார் அவர். குற்றம் செய்தவன் ஒருவனாயினும் மானக்கேடு இன்னொருத்தியின்மேல் வந்து விழும் என்பது அச்சொல்லின் நடைமுறை இலக்கணம். தமிழ் மரபில் இதற்கு இணை தேடினால் பழி, அலர் என்னும் சொற்கள் நினைவுக்கு வரும். நாணை உயிருக்கும் மேலாக வைத்துப் பேசும் தொல்காப்பியக் களவியலும் அதனைத் தலைவியிடத்திலேயே வைக்கிறது. இவ்வொப்புமையை மேலும் நீட்டுதல் வேண்டா. அலர் காதலைச் சுற்றி எழுவது. பேஸ்தி வன்முறையைக்கூட மூடிப் போர்த்துவது. ஆயினும் தலைப்பு எவரைக் குற்றம் சாட்டுகிறது என்று தெளிய இவ்வொப்புமை உதவும். ‘இச்சமூகம் மானமற்றது’ என்று தலைப்பு கூறவில்லை. மானம் என்று எதனைக் காக்கிறீர்கள், யாரைக் கொடுத்துக் காக்கிறீர்கள் என்று அது வினவுகிறது. ஆங்கில இதழ்கள் இச்சொல்லை ‘அவமானம்’ என்று ஒரு சொல்லில் பெயர்த்துவிட்டு நகர்ந்தன. அதனால் வினா மறைந்து வசை மட்டும் நின்றது.

நாடகமும் நிலமும்

கதை சுருக்கமானது. பக்கவாதத்தால் முடங்கிய பல்பீர் என்னும் தாய். அவளைப் பேணுவதிலேயே இளமை கழிந்துவிட்ட மின் என்னும் மகள். வீட்டை விட்டு வெளியே செல்லுதலே அரிதான இவ்விருவரும் குருவின் திருநாளன்று குருத்வாராவுக்குச் செல்கின்றனர். மகளுக்கு மணமகன் தேட வேண்டும் என்பது தாயின் நோக்கம். மணமகன்களின் பட்டியல் சந்து என்பவரிடம் இருக்கிறது. அவர் குருத்வாராவின் திருப்பணிக் குழுத்தலைவர், செல்வாக்குடையவர், மரியாதைக்குரியவர். மின்னின் இறந்துபோன தந்தைக்கும் தமக்கும் இருந்த உறவை அவளிடம் வெளிப்படுத்தும் அவர், பின்னர் அவளை வன்புணர்கிறார். அழுதுவரும் மின்னை அங்குள்ள பெண்கள் அணைத்துக்கொள்ளவில்லை. அவள் வாயை அடைக்கவே முற்படுகின்றனர். அவர்களுள் டீட்டீ என்பவள் முன்னொரு காலத்தில் அதே மனிதனால் அதே கொடுமைக்கு ஆளானவள். இறுதியில் சந்து கிர்ப்பானால் கொல்லப்படுகிறார், கொல்பவள் பல்பீர். தாயைப் பேண வரும் எல்விஸ் என்னும் கறுப்பின இளைஞன் மின்மீது கொள்ளும் அன்பு ஒன்றே நாடகத்தில் இருள் தோயாத இழை.

இச்சுருக்கம் நாடகத்துக்கு அநீதி இழைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதற்பகுதி முழுவதும் நகைச்சுவையால் ஆனது. தாயும் மகளும் ஒருவரையொருவர் வைதுகொள்ளும் உரையாடல்களில் அன்பும் வெறுப்பும் பிரித்தறிய இயலாதவாறு பின்னிக் கிடக்கின்றன. பல்பீரின் நாக்கு கொடியது. எல்விஸின் நிறத்தைப் பற்றி அவள் பேசுவனவற்றில் இனவெறியும் உண்டு. தன் சமூகத்தாரை வெள்ளையர்முன் அழகுபடுத்திக் காட்ட ஆசிரியர் முயலவில்லை. அதே வேளையில் அவளை வெறுக்கவும் நம்மை விடவில்லை. இரண்டாம் பகுதியில் நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. தந்தையின் மறைபொருள், வன்புணர்வு, அடி, கொலை என ஒரே நாளுக்குள் இத்தனையும் அடுக்கப்படும்போது நாடகம் மூச்சுத் திணறுகிறது. கொலையோடு முடிப்பது எளிய வழியென்றே எனக்குத் தோன்றுகிறது. டீட்டீயைப் போலச் சந்துவும் உயிரோடு தொடர்ந்திருப்பாரேல் அது இன்னும் கொடிய முடிவாக இருந்திருக்கும். மேடையில் காணும் வாய்ப்பு எனக்கு இல்லை. அச்சுப்பனுவலைக் கொண்டே இதனைக் கூறுகின்றேன்.

இனிக் களத்துக்கு வருவோம். இதே கதையைச் சமூகக்கூடத்தில் நிகழ்த்தினால் என்ன ஆகும்? சந்துவின் பதவி போகும். சமூகக்கூடத்துக்கும் ஒரு குழு உண்டு, தலைவர் உண்டு. ஆனால் அத்தலைவரின் சொல்லுக்குப் பின்னால் தெய்வம் இல்லை. பல்பீர் தன் மகளை ஐயமின்றி ஓர் அறைக்குள் அனுப்புவது அது குருவின் இல்லம் என்பதனால். டீட்டீ பல ஆண்டு வாய்மூடி இருந்ததும் அதனால். மணமகன் பட்டியல் ஒருவரிடம் குவிவதும், எவரும் அவரை வினவாதிருப்பதும், பெண்ணின் அழுகை வெளியே கேட்டால் இழுக்கு யாருக்கு என்பதும் அவ்விடத்தால் அமைவன. குறிஞ்சியின் கூடல் மருதத்தில் நிகழின் அது வேறு பொருள் தரும் என்பது நம் உரையாசிரியர்க்கு வெளிப்படை. கருப்பொருளுள் தெய்வத்தை முதலில் வைத்து எண்ணியவர்க்கு, தெய்வத்தை நீக்கிவிட்டு எஞ்சிய கதையை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்னும் யோசனை வியப்பையே தரும்.

அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் பகுத்த செய்யுளியலின் சொல்லால் கூறுவதாயின், வேண்டுகோளின் உட்பொருள் இது: செம்பொருளைப் பழிகரப்பு ஆக்குக. பழிக்க வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை. பழிக்கப்படுவது இன்னதென்று வெளியே தெரியாமல் பழிக்குமாறு கேட்டனர். ஒரு வகையில் இது நாடகத்தை மிகச் சரியாகப் படித்தவர்களின் கோரிக்கை. நாடகத்தின் வலிமை எங்கிருக்கிறது என்பதை ஆதரவாளர் பலரினும் அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

எதிர்த்தோர் தரப்பு

எதிர்த்தவர்களைக் கலை அறியாக் கும்பல் என்று ஒதுக்குவது எளிது. பிரித்தானிய இதழ்களுள் சில அவ்வாறே செய்தன. அச்சமூகத்தின் அண்மை வரலாற்றை, குறிப்பாகப் பர்மிங்காம் வட்டாரத்தின் வரலாற்றைப் பார்த்தால் அவ்வாறு எழுத மனம் துணியாது.

பர்மிங்காமுக்கு அருகிலுள்ள உல்வர்ஹாம்ப்டன் நகரில் 1967இல் சீக்கியப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் தாடியும் தலைப்பாகையும் அணிந்து பணிக்கு வந்ததற்காகத் தடுக்கப்பெற்றார். இரண்டாண்டுப் போராட்டத்துக்குப் பின்னர், 1969இல்தான் அத்தடை நீங்கிற்று. இடையில், 1968 ஏப்ரல் 20 அன்று, அவ்வூரின் நாடாளுமன்ற உறுப்பினர் ஈனாக் பவல் பர்மிங்காமில் ஆற்றிய குடியேற்ற எதிர்ப்புரை நாடெங்கும் வெறுப்பை மூட்டிற்று; சீக்கியர் தம் வழக்கங்களைக் காத்துக்கொள்ள முயல்வதும் அவ்வுரையில் குற்றமாகப் பேசப்பெற்றது. 1976இல் தலைப்பாகை அணிந்த சீக்கியர்க்கு மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்திலிருந்து விலக்கு அளிக்கும் சட்டம் வந்தது. பர்மிங்காம் தனியார் பள்ளியொன்று தலைப்பாகை அணிந்த மாணவனைச் சேர்க்க மறுத்த வழக்கில், சீக்கியர் ஓர் இனக்குழுவினர் என்றும், எனவே 1976ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டத்தின் காப்பு அவர்க்கு உண்டென்றும் 1983இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. பொது இடங்களில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கிய 1988ஆம் ஆண்டுச் சட்டம், சமயக் காரணத்துக்காக வைத்திருப்பதை ஏற்புடைய காரணமாகக் கொண்டது. கிர்ப்பானுக்கு அவ்வாறு இடம் கிடைத்தது.

தலைப்பாகைக்கும் கிர்ப்பானுக்கும் இருபதாண்டு வழக்காடி உரிமை பெற்ற மக்கள், அதே நகரத்தின் மேடையில் கிர்ப்பான் கொலைக்கருவியாகக் காட்டப்பெறுவதைப் பார்க்கின்றனர். பார்வையாளருள் பலர் சீக்கியரல்லாதார்; குருத்வாராவுக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காதவர்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு தலைப்பாகை அணிந்தவரெல்லாம் தெருவில் ஏச்சுக்கும் அடிக்கும் ஆளான காலம் அது. ‘எங்களைப் பற்றி இவர்கள் அறியப்போவது இது ஒன்றுதானா?’ என்னும் அச்சத்தைப் பொய்யென்று தள்ளுதல் இயலாது. மேலும் சீக்கியர்க்குக் குருத்வாரா வழிபாட்டுக் கட்டடம் மட்டுமன்று. குரு கிரந்த சாகிப் வீற்றிருக்கும் அவை அது. நூலையே வாழும் குருவாகக் கொண்ட ஒரு சமயத்தார்க்கு அவ்விடத்தை மேடையில் காண்பதே நெருடலாக இருந்திருக்கும். பர்மிங்காமின் கத்தோலிக்கப் பேராயர் வின்சென்ட் நிக்கோல்ஸ் அவர்கள் பக்கம் நின்று பேசியதும் இப்புனித உணர்வின் அடிப்படையில்தான்.

இவ்வளவையும் ஏற்ற பின்னரும் ஒன்று எஞ்சுகிறது. பேச்சுக்கு அழைக்கப்பெற்றோர் யார்? சமூகத்தின் பிரதிநிதிகள். பிரதிநிதிகள் எவ்வாறு அமைந்தனர்? அமைப்புகளின் நிர்வாகம் வழியே. நாடகம் வினவுவதே நிர்வாகத்தின் அதிகாரத்தை. திருப்பணிக் குழுத்தலைவர் ஒருவரின் அதிகாரம் பற்றிய நாடகத்துக்கு இசைவு கேட்டு நிர்வாகிகளிடம் செல்வதில் உள்ள முரணை அரங்கத்தார் உணர்ந்ததாகத் தெரியவில்லை. நேர்மையான நிர்வாகிகள் பலர் அவ்விடத்தில் இருந்திருக்கலாம்; குறை மனிதரிடத்தில் இல்லை, முறையில் இருக்கிறது. குருத்வாராவுக்குச் செல்லும் பெண்களை, மின்னின் வயதையொத்தவர்களை, டீட்டீயின் வயதையொத்தவர்களை அழைத்து வினவ அம்முறையில் வழியே இல்லை.

இக்குறை அன்றைய பிரித்தானியப் பன்மைப்பண்பாட்டுக் கொள்கையோடு பிணைந்தது. 2000ஆம் ஆண்டில் பீக்கு பாரேக் தலைமையிலான ஆணையம் வெளியிட்ட அறிக்கை, பிரித்தானியாவைத் தனிமனிதர்களின் நாடாக மட்டுமன்றிச் சமூகங்கள் கூடிய ஒரு சமூகமாகவும் காணுமாறு கூறிற்று. பவலின் உரையைக் கேட்டு வளர்ந்த நாட்டில் அக்கருத்து எத்துணை ஆறுதல் தந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சமூகம் என்பதனை ஓர் அலகாகக் கொள்ளும்போது அதற்குள்ளிருந்து மாறி ஒலிக்கும் குரலுக்கு எங்கு இடம் என்னும் வினா எழும். ‘சாத்தானின் வசனங்கள்’ நாவலை எதிர்த்து 1989இல் பிரித்தானிய முஸ்லிம்கள் போராடியபோதே இவ்வினாவைத் தெருவில் நின்று எழுப்பியவர்கள் உண்டு. சவுத்தால் கறுப்பினச் சகோதரியர் அமைப்பைச் சார்ந்தவர்கள் உள்ளிட்ட பெண்கள், ‘அடிப்படைவாதத்துக்கு எதிரான பெண்கள்’ என்னும் பெயரில் இலண்டனில் ருஷ்டிக்கு ஆதரவாகக் கூடினர். ஒருபுறம் நூலை எதிர்த்த ஆடவர் கூட்டம், மறுபுறம் வெள்ளை இனவெறியர் கூட்டம்; இரண்டுக்கும் நடுவில் அப்பெண்கள். பதினைந்தாண்டு கழித்துப் பட்டி நின்றதும் அவ்விடத்திலேயே. வெள்ளை இனவெறியர்க்குத் தன் நாடகம் கருவியாகலாம் என்பதை அவர் அறியாதவரல்லர். அறிந்தும், அக்காரணத்தால் வாய்மூடி இருத்தல் டீட்டீ செய்ததையே செய்வதாகும்.

அன்றைய உள்துறை இணையமைச்சர் பியோனா மக்டகார்ட், சீக்கியர் மிகுதியாக வாழும் ஸ்லவ் தொகுதியின் உறுப்பினர். மக்கள் இவ்வளவு உணர்ச்சியோடு எதிர்த்ததும் கருத்துரிமையின் வெளிப்பாடே என்னும் போக்கில் அவர் பேசினார். எதிர்ப்புக் குரலும் உரிமையே, அதில் ஐயமில்லை. உடைந்த கண்ணாடியும் கொலைமிரட்டலும் எவ்வகைக் குரல் என்பதைத்தான் அவர் விளக்கவில்லை. ஏறத்தாழ எழுநூறு கலைஞர்கள் பட்டிக்கு ஆதரவாகக் கையொப்பமிட்டனர். பெண் நாடகாசிரியர்க்குரிய சூசன் ஸ்மித் பிளாக்பர்ன் பரிசு 2005இல் ‘பெஹ்ஸ்தி’க்குக் கிடைத்தது. இக்கையொப்பங்களும் பரிசும் நாடகத்தை மேடைக்கு மீட்டுத் தரவில்லை.

சட்டத்தின் போக்கு

நாடகத்தைத் தடுத்தது சட்டமன்று என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1737 முதல் இங்கிலாந்தில் ஒவ்வொரு நாடகமும் அரண்மனை அலுவலரான சேம்பர்லின் பிரபுவின் உரிமம் பெற்றே மேடையேற வேண்டியிருந்தது. 1968ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அம்முன்தணிக்கையை ஒழித்தது. பவலின் உரையும் இச்சட்டமும் ஒரே ஆண்டின் விளைவுகள். தணிக்கை ஒழிந்து முப்பத்தாறு ஆண்டுகளில் அலுவலர் செய்து வந்த வேலையைத் தெரு செய்தது.

தெய்வநிந்தனைச் சட்டத்தின் கதை வேறு. ‘கே நியூஸ்’ இதழில் ஜேம்ஸ் கிர்க்கப் எழுதிய கவிதைக்காக மேரி வைட்ஹவுஸ் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கில் 1977இல் இதழாசிரியர் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. 1979இல் பிரபுக்கள் அவை அதனை உறுதிசெய்தது. ருஷ்டி மீது அதே சட்டத்தை ஏவ முஸ்லிம்கள் முயன்றபோது, 1990இல் நீதிமன்றம், அச்சட்டம் கிறித்தவத்தை மட்டுமே காக்கும் என்றது. கவிதை ஒன்றுக்கு உயிர்த்தெழுந்த சட்டம் நாவல் ஒன்றுக்குத் தூங்கிவிட்டது. ‘அனைவர்க்கும் நீட்டுக அல்லது அனைவர்க்கும் நீக்குக’ என்னும் இரண்டில் ஒன்றே நேர்மை என்று கருதப்பெற்றமைக்கு இதுவே தொடக்கம்.

இவண் ஒன்று இடைப்பிறவரலாகச் சொல்லத் தோன்றுகிறது. தம் நாட்டில் ஒரு சமயத்தை மட்டும் காத்த ஆங்கிலேயர், இந்தியாவில் எல்லாச் சமயங்களையும் ஒருசேரக் காத்தனர். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், 1927இல் சேர்க்கப்பெற்ற 295ஏ பிரிவும் அதற்குச் சான்று. ஆட்சியாளர்க்கு வேண்டியிருந்தது சமயநீதி அன்று, தெருவின் அமைதி. நாடகங்களைத் தடுக்க 1876இல் அவர்கள் இயற்றிய சட்டமும் அவ்வகையினதே. 295ஏ பிரிவின் சாரம் 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சங்கிதையின் 299ஆம் பிரிவாக நம்மிடையே தொடர்கிறது. ‘பெஹ்ஸ்தி’ நிகழ்வை அயலார் வீட்டுச் சண்டையாக நாம் பார்க்க இயலாமைக்கு இது போதும்.

‘பெஹ்ஸ்தி’ நிறுத்தப்பெற்ற நாள்களில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் சமய வெறுப்பைத் தூண்டுதலைக் குற்றமாக்கும் வரைவு இருந்தது. அதன் பின்னணி எளிதில் விளங்குவதே. 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் சீக்கியர்க்கும், அதுபோலவே யூதர்க்கும், இனவெறுப்புச் சட்டத்தின் காப்பு இருந்தது, முஸ்லிம்களுக்கு இல்லை. அவர்கள் ஓரினத்தவரல்லர் என்பது காரணம். இந்த ஏற்றத்தாழ்வை நீக்குவது நியாயமே. ஆனால் முதல் வரைவின் சொற்கள் அகலமானவை. நகைச்சுவை நடிகர் ரோவன் அட்கின்சன் முதலானோர் அதனை எதிர்த்தனர். பிரபுக்கள் அவை சொற்களைச் சுருக்கிற்று. 2006 ஜனவரி 31 அன்று கீழவையில் அத்திருத்தங்களை நீக்க அரசு செய்த முயற்சி தோற்றது. இரண்டு வாக்கெடுப்புகளில் ஒன்றில் ஒரே ஒரு வாக்கு வேறுபாடு, 283க்கு 282. பிரதமர் டோனி பிளேர் அவ்வாக்கெடுப்பின்போது அவையில் இல்லை. நிறைவேறிய சட்டத்தின்படி சொற்கள் அச்சுறுத்துவனவாக இருத்தல் வேண்டும். வெறுப்பைத் தூண்டும் நோக்கமும் இருத்தல் வேண்டும். சமயங்களை விமர்சித்தல், எள்ளல், பழித்தல் ஆகியவை குற்றமாகா எனத் தனிப்பிரிவே சேர்க்கப்பெற்றது. 2008இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் தெய்வநிந்தனைக் குற்றம் ஒழிந்தது. ஸ்காட்லாந்து அதனை 2021இல் இயற்றிய சட்டத்தால் நீக்கிற்று.

நம்பிக்கையைக் காத்த சட்டம் நம்புவோரைக் காக்கும் சட்டமாக மாறிற்று என இதனைக் கூறலாம். கொள்கையளவில் இது பெருமுன்னேற்றம். நாடகத்தின் நிலையிலிருந்து பார்த்தால் அத்துணைப் பெரிதன்று. ‘பெஹ்ஸ்தி’ 2004இலும் சட்டப்படி குற்றமற்றது. 2008க்குப் பின்னும் குற்றமற்றது. இரண்டு காலத்திலும் அதனைத் தடுக்கப் போதுமானது, பாதுகாப்புக் குறித்து நிர்வாகம் எழுதும் ஒரு பக்கக் கடிதமே. 2022 ஜூனில், முகம்மது நபியின் மகளைப் பற்றிய ‘லேடி ஆஃப் ஹெவன்’ என்னும் திரைப்படத்தைத் திரையரங்குக் குழுமம் ஒன்று எதிர்ப்புக்குப் பின் நாடு முழுவதும் நிறுத்தியபோதும் சொல்லப்பெற்ற காரணம் பாதுகாப்பே. 2025இல், துருக்கித் தூதரகம் முன் குர்ஆனை எரித்த ஒருவருக்குப் பொது ஒழுங்குச் சட்டத்தின்கீழ் கீழ்நீதிமன்றம் தண்டம் விதித்தது. அவ்வாண்டு அக்டோபரில் மேல்முறையீட்டில் அது நீக்கப்பெற்றது. நூலை எரிப்பவரையும் நாடகம் எழுதுபவரையும் ஒரே வரிசையில் நிறுத்த நான் விரும்பவில்லை. ஒருவர் ஒரு நூல் இல்லாதொழிய வேண்டுகிறார். மற்றவர் ஒன்றைப் படைக்கிறார். வாயிலில் மூடிய நிந்தனைச் சட்டம் பொது ஒழுங்கு என்னும் பக்கவாயிலால் நுழையுமோ என்னும் ஐயம் இவ்வழக்கினால் வலுத்தது என்பதற்காகவே இதனைக் குறிக்கின்றேன்.

எல்லையின்மை

2010இல் பட்டி எழுதிய ‘பெஹுத்’ தன் நாடகம் மூடப்பெற்ற கதையையே நாடகமாக்கியது. மேடைமேல் ஒரு நாடகாசிரியை அமர்ந்து எழுதுகிறார். அவர் எழுதும் அரங்க நிர்வாகிகளும் அரசியலாரும் சமூகத்தாரும் அவர் கண்முன்னே உயிர்பெற்று, பின் அவர் கைக்கு அடங்காமற் போகின்றனர். ‘பெஹ்ஸ்தி’யின் உரையாடல்களுக்கு இருந்த கூர்மை இதற்கு இல்லை, ஆசிரியரின் கோபம் பாத்திரங்களை முந்திக்கொண்டு பேசுகிறது. ஆனால் ஒரு வகையில் முந்தையதினும் நேர்மையானது. எதிர்த்தவர்களையும் தன் கற்பனையிலிருந்தே பிறப்பிக்க வேண்டியிருந்த ஆசிரியர், அவர்களுக்கும் நியாயம் பேச வாய் கொடுக்கிறார்.

கவெண்ட்ரியின் பெல்கிரேட் அரங்கம் அதனை மேடையேற்ற முனைந்தபோது, காவற்பணிக்குக் கட்டணம் வேண்டுமெனக் காவல்துறை தொடக்கத்தில் கேட்டது. சிற்றரங்கு ஒன்று ஈட்டக்கூடிய தொகையன்று அது. பேச்சுக்குப் பின்னர் அக்கோரிக்கை கைவிடப்பெற்றது. நாடகம் நடந்தது. அம்முறை களம் எதுவென்று எவரும் பேரம் பேசவில்லை. ‘பெஹுத்’தின் களம் நாடக அரங்கமே.

‘பெஹ்ஸ்தி’யின் அச்சுநூலை எவரும் தடுக்கவில்லை. மேடையேறிய ஆண்டிலேயே அது வெளிவந்தது. களம் என்னும் இடத்தில் குருத்வாரா என்றே இன்றும் அச்சாகியுள்ளது.